தொட்டில் ஆட்டத்துக்குக் கட்டின பாட்டு

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஏழு. வளர்த்தது எத்தனை என்று கேட்டால் எனக்கே தெரியாது. டுரியான் துங்கால் பக்கம் போய், நரைத்த தலையாகப் பார்த்து, "உங்களைத் தொட்டிலில் போட்டது யார்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் என் பேரைத்தான் சொல்வார்கள். அஞ்சலை ஆயா. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகைக்கு நான்தான் ஆயா. கை சும்மா இருந்த நாள் கிடையாது. வாயும் அப்படித்தான்.

இப்போது பாயா ரும்புட் என்கிற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பாலர் பள்ளி டீச்சர்மார் மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அதில் மூத்தவள் கேட்டாள்: "பாட்டி, எங்க பிள்ளைங்களுக்குப் பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுக்கலாம்னு பாக்குறோம். கேசட் போட்டா நல்லா கேக்குதுங்க. சொந்தமா ஒரு வரி சொல்லுன்னா முழிக்குதுங்க. நீங்க அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்க?"

எப்படிச் செய்தேன் என்று ஒரே பேச்சில் சொல்ல முடியுமா? அவர்கள் பள்ளிக்கு மலர் ஒன்று அச்சடித்துப் போடப்போகிறார்களாம், அதில் எழுதிக்கொடுங்கள் என்றார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பேரைக் கூட்டிப் படிப்பேன். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி மீனா எழுதுகிறாள். நான் சொன்னதை எழுது, நீ அழகுபடுத்தாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் அம்மா ஊரிலிருந்து இந்த மலாய் மண்ணுக்குக் கப்பல் ஏறியபோது நான் அவள் வயிற்றில் இருந்தேன். டிக்கட் இல்லாமல் கடல் தாண்டினவள் என்று என் அண்ணன்மார் கேலி செய்வார்கள். பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில். புல்லு வெட்டுக்குப் போனேன். கல்யாணம் ஆனது. மூத்தவன் பிறந்தான். அப்போது கொட்டகையில் இருந்த வயதான ஆயா ஊருக்கே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் துரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, என் இடுப்பில் இருந்த பிள்ளை அழாமல் இருக்கிறதைப் பார்த்து, "நீ" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான் என் படிப்பும் பரீட்சையும்.

கொட்டகை எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் பாட்டு விஷயம் விளங்கும். அத்தாப்பு ஓலைக் கூரை. நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரே நீளக் கம்பு. அந்தக் கம்பில்தான் அத்தனை துணித் தொட்டிலும் வரிசையாகத் தொங்கும். விடியுமுன்னே தாய்மார் பால் மரம் சீவப் போகிறபோது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். பெரிய பிள்ளைகள் தரையில் விளையாடும். கைக்குழந்தைகள் தொட்டிலில். ஒரு தொட்டிலை ஆட்டினால் கம்பு அசையும். கம்பு அசைந்தால் எல்லாத் தொட்டிலும் அசையும். ஒருத்தி வேகமாகவும் ஒருத்தி மெதுவாகவும் ஆட்டினால் கம்பு கிறீச் கிறீச்சென்று கத்தும், ஒரு பிள்ளை வீறிடும், பிறகு மொத்தக் கொட்டகையும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு உதவிக்கு நாலைந்து பெண்பிள்ளைகள் இருந்தார்கள். மரம் சீவுகிற வயது வராதவர்கள், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். ஆளுக்கு ஒரு தொட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தாலாட்டை ஆளுக்கு ஒரு போக்கில் பாடுவார்கள். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் டிரசர் ஐயா வந்து நின்றுவிட்டார்.

டிரசர் ஐயாதான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பெரியவர். கொட்டகையும் அவர் கையில்தான். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வாசலுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார், கோயிலுக்குள் வந்தமாதிரி. உள்ளே வரமாட்டார். ஒவ்வொரு தொட்டிலாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு வருவார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அன்றைக்கு நன்றாக இறங்கிவிட்டது.

"பிள்ளை, உதென்ன சத்தம்? இது கொட்டகையோ, சந்தையோ?"

"தாலாட்டுப் பாடுறாங்க ஐயா."

"ஆரும் நித்திரை கொள்ளேல்லையே. ஒண்டில் எல்லாரும் ஒரே ஆட்டத்திலை பாடவேணும். இல்லையெண்டால் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

"ஐயாவே ஒரு நல்ல பாட்டாப் பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்குப் பாட்டுத் தெரியாது. அவைக்குத் தெரியும்" என்று தொட்டில்களைக் காட்டினார். "அவையட்டைக் கேளும்."

போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னதற்குமேல் பாட்டைப் பற்றி இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஒரே பாட்டைப் பாடச்சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பிள்ளைக்குத் தன் பேர் பாட்டில் வரவேண்டும். வந்தால் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திக் கேட்கும். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நாம் அதைத் தூக்கத்துக்குள் தள்ளவேண்டும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாட்டு, ஆனால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஆட்டம்.

முதலில் வாயை மூடிக்கொண்டு தொட்டிலை ஆட்டச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து. கம்பு கத்துவது நிற்கிற வரைக்கும் ஆட்டு. பிறகு வார்த்தை. தொட்டில் போகும்போது பாதி வரி, திரும்பி வரும்போது மீதிப் பாதி. வார்த்தை நீண்டால் தொட்டில் உனக்காகக் காத்திருக்காது, நீதான் வார்த்தையைக் குறைக்கவேண்டும். இது முதல் பாடம். இதிலேயே பத்துப் பதினைந்து நாள் ஓடிவிடும்.

பிறகு எழுத்து. எனக்கு எழுதத் தெரியாது, ஆனால் காது இருக்கிறது. ஒரு வரி 'ம'வில் ஆரம்பித்தால் அடுத்த வரியும் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும் என்பேன். முதல் எழுத்து அக்காள் தங்கச்சி, இரண்டாம் எழுத்து இரட்டைப் பிள்ளை. அக்காள் தங்கச்சி ஒரே சாயலாக இருந்தால் போதும். இரட்டைப் பிள்ளை அச்சாக ஒன்றுபோல இருக்கவேண்டும். டீச்சரம்மா அன்றைக்கு இதற்கெல்லாம் பேர் சொன்னாள், மோனை, எதுகை என்று. பேர் நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது பாடம் கொஞ்சம் சண்டையான பாடம். ராசாத்தி என்று ஒரு பெண் இருந்தாள். வாய்த் துடுக்கு. எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு. ஆனால் காது கூர்மை. அவள் ஒருநாள், தங்கத்தில் தொட்டில், தந்தத்தில் கம்பு, முத்துப் பதித்த கயிறு என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"எங்கேடி தந்தம்?" என்றேன்.

"பாட்டுல வரும்க்கா."

"இந்தக் கொட்டகையில காட்டு. எடுத்து உன் கழுத்துல மாட்டிவிடுறேன்."

"அக்காவுக்கு ஆசையே இல்ல. பாட்டுலகூடத் தங்கம் கூடாதாம்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

"உன் கையில இருக்கிற துணி என்னன்னு பாரு. அதைப் பாடு."

அது துரை வீட்டுச் சன்னலில் தொங்கின பழைய திரைத்துணி. துரைசானி புதுசு போட்டதும் பழசைக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டாள். பூப்போட்ட துணி. அதில் படுத்திருந்த பிள்ளையின் பேர் துரைசாமி. ராசாத்தி துணியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள். ரெண்டு ஆட்டம் சும்மா ஆட்டினாள். மூன்றாவது ஆட்டத்தில் வந்தது பாருங்கள்:

துரைவீட்டுச் சன்னலிலே தொங்கினது – இப்போ
துரைசாமி தூங்கத்தான் தொட்டிலாச்சு

பெண்பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்திவிட்டார்கள். முதல் எழுத்தும் சரி, இரண்டாம் எழுத்தும் சரி, கண்முன்னால் இருக்கிறதும் சரி. வாசலில் டிரசர் ஐயா எப்போது வந்தாரோ, தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு, "கடைசித் தொட்டிலிலை இன்னும் கண் மூடேல்லை. இன்னுமொரு அடி வேணும்" என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் அதுதான் பேச்சு. யாராவது பாட்டை அரைகுறையாக நிறுத்தினால், "இன்னுமொரு அடி வேணும்" என்று அவர் குரலிலேயே சொல்லுவார்கள்.

இப்படி இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நல்ல பேர் வந்துவிட்டது. பெரிய கங்காணி ஒருநாள் குடையோடு வந்து, "ஏ அஞ்சலை, இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு உன் பிள்ளைங்களே கும்மி கட்டட்டும். டவுன்லேருந்து ஆள் வேண்டாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டு ஒரு சட்டமும் வைத்தேன். வட்டத்துக்குள் வருகிற ஒவ்வொருத்தியும் தானே கட்டின பாட்டு ஒன்று பாடவேண்டும். அவள் பாடி முடித்ததும் மற்ற எல்லாரும் கைதட்டிக்கொண்டு "மாரி மாரி" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொந்தப் பாட்டு இல்லாதவள் வட்டத்துக்கு வெளியே.

அந்த நேரத்தில்தான் பாக்கியம் வந்தாள்.

பாக்கியம், மரம் சீவுகிற கருப்பையாவின் முதல் தாரத்து மகள். அவளைப் பெற்ற கையோடு தாய் போய்விட்டாள். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் கம்போங் என்கிற மலாய்க் கிராமத்தில் ஒரு மலாய்க்கார அம்மாளுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. அந்த அம்மாள் ஒரு பக்கம் தன் பிள்ளைக்கும் ஒரு பக்கம் இவளுக்கும் பால் கொடுத்து வளர்த்தாள். பாக்கியம் என்று சொல்ல வராமல் 'கியா' என்று கூப்பிடுவாளாம். இவள் அவளை 'மாக்' என்பாள், அம்மா என்று அர்த்தம். கருப்பையா மறுகல்யாணம் செய்து, ஆண்பிள்ளை பிறந்து, வீடு ஒரு நிலைக்கு வந்தபிறகு மகளைக் கூட்டிவந்தான். அப்போது அவளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பேச வராது. வந்தாலும் பாதி மலாயாகத்தான் வரும்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். தம்பி என்றால் உயிர். அவன் பேர் முத்து. அவனைத் தொட்டிலில் போட்டு மலாயில் ஏதோ மெல்லிசாக முனகுவாள். டிரசர் ஐயா ஒருநாள் வந்து கேட்டார்:

"உது என்ன பாசை?"

"மலாய் ஐயா."

"பிள்ளை நித்திரையோ?"

"நல்ல நித்திரை."

"அப்ப சரி" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் கும்மியில் தொல்லை வந்தது. கும்மி என்றால் தெரியுமே, வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து கைதட்டி, எல்லாரும் ஒரு பக்கமாக நகரவேண்டும். பாக்கியம் நன்றாகத்தான் நகருவாள். "மாரி மாரி" என்று வருகிற இடத்தில் மட்டும் வட்டத்துக்கு நடுவே ஓரடி முன்னால் வந்து நிற்பாள். பின்னால் வருகிறவள் அவள் காலை மிதிப்பாள், அதற்குப் பின்னால் வருகிறவள் இவள்மேல் விழுவாள், வட்டம் உடைந்துபோகும். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

"என்னடி இது, நண்டு மாதிரி?" என்பாள் ராசாத்தி. "நாங்க இந்தப் பக்கம் போனா நீ அந்தப் பக்கம் வர்ற!"

பாக்கியம் தலையைக் குனிந்துகொள்வாள். மறுபடியும் ஆரம்பிப்போம். மறுபடியும் "மாரி" வரும், மறுபடியும் முன்னால் வருவாள். சொந்தப் பாட்டும் அவளிடம் இல்லை. கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கங்காணி இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அந்தக் கம்போங்குப் பிள்ளையை நிறுத்திடு அஞ்சலை, திருவிழாவுல மானம் போயிடும்" என்றார்.

அன்று சாயந்திரம் கருப்பையா முத்துவைத் தூக்கிப்போக வந்தான். மகள் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டே சொன்னான்: "அவ இங்க ஒட்டமாட்டேங்குறாக்கா. வீட்டுலயும் வாய் திறக்குறதில்ல. என் வீட்டுக்காரி நல்லாத்தான் பாத்துக்குறா. இருந்தாலும் பிள்ளை முகம் செத்துக்கிடக்கு. திருவிழா வரைக்கும் பாக்குறேன். கும்மியிலயும் சேராம நின்னா, மறுநாளே மாக் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுறேன். அவளுக்காவது நிம்மதியா இருக்கட்டும்."

பாக்கியம் முத்துவின் கால்விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அப்பன் தோளில் ஏறிப் போகிறவரைக்கும் அந்த விரலை விடவில்லை. அவளுக்குப் போக விருப்பமில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. சட்டத்தைத் தளர்த்தி அவளைச் சும்மா கைதட்ட விடலாம். நான் செய்யவில்லை. இரக்கப்பட்டு உள்ளே விட்ட பிள்ளையை வட்டத்தில் இருக்கிற மற்ற பிள்ளைகள் ஒருநாளும் சேர்க்காது. பாட்டோடுதான் அவள் உள்ளே வரவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் காலை, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தலையில் தட்டு வைத்து கூவே விற்கிற மலாய்க்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். அன்றைக்கும் மண்ரோட்டில் நின்று கூவினார்:

"மாரி! மாரி! கூவே பானாஸ்! மாரி!"

சூடான பலகாரம், வாங்க வாங்க என்று அர்த்தம். தரையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடின. எல்லாருக்கும் முன்னால் ஓடினவள் பாக்கியம். போய் அவர் முன்னால் ஓரடி தள்ளி நின்றாள், தலையைக் கொஞ்சம் குனிந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு. கும்மியில் எப்படி வந்து நிற்பாளோ அதே நிலை.

கஞ்சிக் கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் எல்லாருக்கும் சந்தை மலாய் தெரியும்தான். ஆனால் அம்மன் பேரை யார் மலாயில் கேட்பார்கள்?

"பாக்கியம், இங்க வா. மாரின்னா என்னடி?"

"வா."

"கும்மியில நாங்க மாரி மாரின்னு பாடுறோமே, அது?"

"அதுவும் வா."

"யாரை வரச்சொல்றோம்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிறமாதிரி. "என்னைத்தான். எல்லாரும் என்னைப் பாத்துக் கைதட்டி வா வான்னு கூப்பிடுறீங்க. பெரியவங்க கூப்பிட்டா வராம நிக்கிறது மரியாதை இல்லன்னு மாக் சொல்லும். நான் வந்தா எல்லாரும் திட்டுறீங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் கண் கலங்குவதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, மாரி என்பது எங்கள் அம்மன் பேர், மழையைக் கொண்டுவருகிறவள், நாங்கள் அவளைக் கூப்பிடுகிறோம் என்று சொன்னேன். அவள் மடியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப அந்த அம்மன் பேரே 'வா' தானா?"

அவள் கேட்டது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

மற்றப் பெண்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி தரையிலேயே உருண்டுவிட்டாள். ராசாத்தி மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "ஏய், இருங்கடி. இவ்வளவு நாளா நாமதான் வா வான்னு கூப்பிட்டிருக்கோம். வந்தவளை நாமதான் நண்டுன்னிருக்கோம்" என்றாள். போய்ப் பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

"சரி," என்றேன், "இதையே பாட்டாக் கட்டு."

"எனக்கு வராதுக்கா."

"இப்ப என்கிட்டச் சொன்னதைத்தான் கேக்குறேன். தொட்டிலைப் பிடி."

முத்துவின் தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சும்மா ஆட்டினோம், கம்பு கத்தாமல். பிறகு அவள் ஆரம்பித்தாள், "இந்தத் தோட்டத்துல எல்லாரும் மாரின்னு சொன்னா அது அம்மன் பேரு..." என்று. நான் கையைக் காட்டினேன். "தொட்டில் போயி, வந்து, திரும்பவும் போயிடிச்சு. நீ இன்னும் தோட்டத்துலயே நிக்கிற. குறை."

"மாரின்னு சொன்னா அம்மன்."

"இது குறைஞ்சுபோச்சு. தொட்டில் இன்னும் வந்து சேரல."

"மாரின்னு சொன்னா அம்மனடி" என்றாள். தொட்டில் சரியாக அவள் கைக்கு வந்தது. அவளுக்கே ஆச்சரியம். உடனே, "அங்கே மாரின்னு சொன்னா வா தானடி" என்று அடுத்த வரியும் வந்துவிட்டது. முதல் எழுத்து அக்காள் தங்கச்சி, இரண்டாம் எழுத்து இரட்டைப் பிள்ளை, நான் சொல்லாமலே. மூன்றாம் வரியில் மாட்டிக்கொண்டாள்.

"மா–ரி. அந்த 'ர' சத்தம் இரண்டாவதா வர்றமாதிரி ஒரு வார்த்தை வேணும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் விடுவார்களா? "கரி!" "நரி!" "சொறி!" என்று ஆளுக்கு ஒன்றாகக் கத்தினார்கள். "அம்மனுக்கு முன்னால சொறியாடி பாடப்போறா?" என்று ராசாத்தி அதட்டினாள். பாக்கியம் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக, "பேரு" என்றாள். பிறகு தானாகவே 'பேரை' ஆக்கிக்கொண்டாள். முழுப் பாட்டு இதுதான்:

மாரின்னு சொன்னா அம்மனடி – அங்கே
மாரின்னு சொன்னா வா தானடி
பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறோம் – எங்க
பெரியம்மா வந்து நில்லம்மா

"பெரியம்மான்னா யாருடி, அம்மனா?" என்று கேட்டேன்.

"வர்றவங்க யாரோ, அவங்க" என்றாள்.

இன்னொரு காரியமும் செய்தேன். "மாரி" வரும்போது அவள் முன்னால் வருகிற பழக்கம் காலில் ஊறிவிட்டது, மாற்றமுடியாது என்று கண்டுகொண்டேன். அதனால் எல்லாரையும் அந்த இடத்தில் ஓரடி முன்னால் வரச்சொன்னேன். வட்டம் குவிந்து விரிந்தது, பூ மாதிரி. கங்காணி பார்த்துவிட்டு, "அடேயப்பா, இந்த அடி யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றார். "நண்டு சொல்லிக்கொடுத்துச்சு" என்றாள் ராசாத்தி. அவருக்கு விளங்கவில்லை.

திருவிழா அன்று கோயில் முன்னால் கயிறு கட்டி இடம் ஒதுக்கியிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் எல்லாம் கயிற்றுக்கு உள்ளே. வேடிக்கை பார்க்கக் கம்போங் ஆட்களும் டவுன் ஆட்களும் வருஷாவருஷம் வருவார்கள், மேட்டு ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். யாரும் வராதே என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. அந்தக் கூட்டத்தில் கையில் குடையோடு ஒரு மலாய்க்கார அம்மாள் நின்றாள். பாக்கியத்தின் கண் அங்கேயே இருந்ததால் மாக் அவள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ராசாத்தி பாடினாள், மற்றவர்கள் பாடினார்கள். பாக்கியம் முறை வந்தது. கருப்பையா கூட்டத்தில் முத்துவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் குரல் முதல் வரியில் நடுங்கியது. இரண்டாவது வரியில் நிலைக்கு வந்துவிட்டது. நாலாவது வரியில் மேட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி, மலாய்க்காரர் கூப்பிடுகிறமாதிரி உள்ளங்கையைக் கீழே வைத்து விரலை அசைத்தாள். நாங்கள் எல்லாரும், தோட்டமே சேர்ந்து, கைதட்டி, "மாரி மாரி! மாரி மாரி!" என்றோம்.

மாக் இறங்கி வந்துவிட்டாள். குடையை மடக்கினாள், சாரோங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், நேராகக் கயிற்றண்டை வந்து நின்றாள். அவள் வந்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற கிழவர் வந்தார், அவர் பின்னால் பிள்ளைகள் வந்தார்கள், கூவே விற்கிறவர் தட்டோடு வந்தார். நாங்கள் மாரி மாரி என்று பாடப் பாட வந்துகொண்டே இருந்தார்கள்.

கங்காணி பதறிப்போனார். "யாருடா இவ்வளவு பேரைக் கூப்பிட்டது?"

டிரசர் ஐயா பக்கத்தில்தான் நின்றார். தொப்பி நெஞ்சில் இருந்தது. "நீர்தான் கங்காணியார்" என்றார். "எல்லாரையும்விட உம்மடை சத்தம்தான் பெரிசாக் கேட்டது."

கங்காணி வந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "டேய், பானகம் எடுத்துட்டு வாங்கடா, நிக்க வச்சிருக்கீங்க!" என்று ஆட்களை அதட்டினார். கயிற்றைத் தள்ளிக் கட்டினார்கள்.

கும்மி முடிந்ததும் பாக்கியம் ஓடிப்போய் மாக் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கருப்பையா தயங்கித் தயங்கி வந்தான். மாக் மலாயில்தான் பேசினாள், நான் பக்கத்தில் இருந்தேன். "கருப்பையா, கியாவைத் திரும்ப விடப்போறதாச் சொல்லிவிட்டியே. பாய்கூட விரிச்சு வச்சிட்டேன். இங்க வந்து பாத்தா இவ கால் இந்த மண்ணுல நல்லா ஊன்றியில்ல இருக்கு. நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது?" சொல்லும்போது சிரித்தாள், ஆனால் தலைத்துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கருப்பையா மகளைப் பார்த்தான். "பாக்கியம், நீ என்ன சொல்ற?"

அவள் ஒரு கையால் மாக்கைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் அப்பன் தோளில் இருந்த முத்துவின் காலைப் பிடித்தாள். "ரெண்டு பேரும் கூப்பிடுங்க" என்றாள். "கூப்பிட்டா வருவேன்."

கருப்பையா சிரித்தான். மகள் வந்தபிறகு அவன் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "கேட்டீங்களா மாக்? இவ இங்கதான் இருப்பா. நீங்க கூப்பிடுற அன்னிக்கெல்லாம் நான் கொண்டுவந்து விடுறேன்" என்றான். சொன்னபடி செய்தான். லீவு நாளில் அவனே தோளில் முத்துவும் கையில் மகளுமாகக் கம்போங்குக்கு நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

பிற்பாடு ரப்பர் விலை விழுந்து கஷ்டகாலம் வந்தது. சில குடும்பங்களை ஊருக்கே கப்பல் ஏற்றிவிட்டார்கள், ராசாத்தி குடும்பமும் போனது. லோரி புறப்படுகிறபோது எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அந்தப் பெண் மேலே நின்று கங்காணி குடையைப் பற்றி அப்போதே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினாள். என்ன பாட்டு என்று சொன்னால் மலரில் போடமாட்டார்கள். கங்காணி உட்பட அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே கையசைத்தோம். பாக்கியம் வளர்ந்து புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே அவளும் ஆயா ஆனாள். அந்தப் பக்கத்துக் கும்மியில் இன்றைக்கும் "மாரி" என்று வந்தால் எல்லாரும் ஓரடி முன்னால் வருவார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டீச்சர்மாருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்கு வரி வரவில்லை என்றால் அதட்டாதீர்கள். நாம் சொன்னது அதன் காதில் என்னவாக விழுந்தது என்று முதலில் கேளுங்கள். பாட்டு அங்கேதான் இருக்கும். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஒரு வரியும் கட்டாமல் போனது என்று ஒன்றுகூடக் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், பெருமையாகவே போடுங்கள்.

சரி மீனா, பேனாவை வை. எழுதினதை முதலிலிருந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். பாக்கியம் பாட்டு வருகிற இடத்தில் முணுமுணுக்காதே, நன்றாகக் குரல் எடுத்துப் படி. சன்னலைச் சாத்தவேண்டாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் காதில் 'மாரி' விழுந்து, கூப்பிட்டாயா என்று வந்தால் வரட்டும். தேத்தண்ணி இருக்கிறது.